உங்களுக்குத் தெரியுமா? எந்த இன்சுலின், யாருக்கு?

நடுவயதில் வரும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை மட்டும் போதாது என்ற கட்டம் வந்ததும் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். ஊசி போட்டே ஆக வேண்டுமா? விலை கூடின ஊசிதான் நல்ல ஊசியா? இரண்டுக்கும் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து ஆராய்ந்து பதில் கண்டிருக்கிறார்கள். அந்தப் பதில்கள் மருத்துவ இதழ்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தத் துணுக்குகள்.

● டைப் 2 சர்க்கரை நோய் இருப்பது தெரியவரும்போதே, இன்சுலின் சுரக்கும் கணைய செல்களின் திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோயிருக்கும். பிரிட்டனில் 1977-ல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த யு.கே.பி.டி.எஸ். ஆய்வு காட்டிய கணக்கு இது. மீதித் திறனும் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே போனது. உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருந்தவர்களுக்கும் இறங்கியது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இறங்கியது. ஆகவே பத்துப் பன்னிரண்டு வருடம் மாத்திரையில் ஓட்டிய ஒருவருக்கு இன்சுலின் தேவைப்பட்டால், அது அவருடைய குற்றமல்ல. நோயின் போக்கே அப்படி. "வாயைக் கட்டியிருந்தால் இந்த நிலை வந்திருக்குமா?" என்று வீட்டார் குத்திக் காட்டுவதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

● அதே ஆய்வில் 5,102 பேர் சேர்ந்தார்கள். மாத்திரையாலோ இன்சுலினாலோ சர்க்கரையைக் கறாராகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற உறுப்புகளின் நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள் இரு தரப்பாரின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. இருந்தும், பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது முதலில் கறாராக இருந்தவர்களுக்கு அந்த நன்மை அப்படியே நீடித்தது. இது 2008-ல் வெளியானது.

● இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட முதல் நோயாளி 14 வயதுச் சிறுவன், லியோனார்ட் தாம்சன். இடம் டொரோண்டோ பொது மருத்துவமனை, நாள் 1922 ஜனவரி 11. அன்று போட்ட மருந்து சரியாக வேலை செய்யவில்லை. இன்சுலினைக் கண்டுபிடித்த குழுவிலிருந்த ஜேம்ஸ் காலிப் இரவும் பகலுமாக உட்கார்ந்து அதைச் சுத்திகரித்தார். ஜனவரி 23-ல் போட்ட ஊசி பலித்தது. காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொரோண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் அந்தக் குழுவின் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும்.

● எல்லாச் சர்க்கரை நோயும் ஒன்றல்ல என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் லண்டன் மருத்துவர் ஹரோல்ட் ஹிம்ஸ்வொர்த். ஆண்டு 1936. இன்சுலினையும் குளுக்கோஸையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். சிலருடைய உடல் இன்சுலினுக்குச் சட்டென்று இணங்கியது, சிலருடைய உடல் இணங்கவே இல்லை. பெரியவர்களுக்கு வரும் நோயில் இன்சுலின் யூனிட் ஏன் அதிகம் தேவைப்படுகிறது என்பதற்கான விளக்கம் அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

● ஆரம்ப கால இன்சுலின் சில மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்குப் பல முறை குத்த வேண்டியிருந்தது. டென்மார்க்கில் ஹாகெடார்ன் என்பவர் டிரௌட் மீனின் விந்திலிருந்து எடுத்த புரோட்டமின் என்ற புரதத்தை இன்சுலினோடு சேர்த்து, அது மெல்ல மெல்லக் கரையும்படி செய்தார். அதன் திருந்திய வடிவம் 1946-ல் வந்தது. இன்றைக்கும் மருந்துக் கடையில் கிடைக்கும் என்.பி.ஹெச். இன்சுலின் அதுதான். அதிலுள்ள கடைசி எழுத்து ஹாகெடார்னின் பெயர்.

● என்.பி.ஹெச். கலங்கலாக இருக்கும். வைத்த இடத்தில் அடியில் படியும். போடுவதற்கு முன் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டி, முழுக்க ஒரே வெள்ளையாகக் கலந்த பிறகே எடுக்க வேண்டும். உருட்டாமல் எடுத்தால் ஒரு நாள் யூனிட் கூடிப்போகும், மறுநாள் குறைந்துபோகும். "ஊசி போட்டும் சுகர் தாறுமாறா இருக்கு" என்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: உருட்டினீர்களா?

● 1982-க்கு முன் எல்லா இன்சுலினும் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்தே வந்தது. பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். மாட்டுக்கு மூன்று. அந்த ஆண்டில்தான் பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவைப் புகுத்தித் தயாரித்த இன்சுலினுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது.

● இன்சுலின் குப்பிக்குள் மருந்து மூலக்கூறுகள் ஆறு ஆறாகத் துத்தநாகத்தைச் சுற்றிக் கட்டுண்டு கிடக்கின்றன. அந்த அமைப்பை 1969-ல் கண்டு சொன்னது ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்ஜ்கின் நடத்திய குழு. பிற்பாடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பெயர் பெற்ற எம். விஜயன் அந்தக் குழுவில் ஒருவர். இந்தக் கட்டு அவிழ நேரமாகும் என்பதால்தான் ரெகுலர் எனப்படும் பிளெயின் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடச் சொல்கிறார்கள். லிஸ்ப்ரோவில் இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றி வைத்துக் கட்டைத் தளர்த்தினார்கள். இலை போட்ட பிறகு போட்டாலும் போதும் என்ற வசதி 1996 முதல் வந்தது.

● கிளார்ஜின் இன்சுலின் குப்பியில் தண்ணீராகத் தெளிந்திருக்கும், ஏனென்றால் அதை அமிலக் கரைசலில் வைத்திருக்கிறார்கள். தோலுக்கடியில் போனதும் அமிலத்தன்மை போய்விட, நுண்ணிய படிகங்களாக உறைந்து, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் கசிகிறது. அமிலம் என்பதால் வேறு எந்த இன்சுலினோடும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது.

● பழைய என்.பி.ஹெச்.சையும் புதிய கிளார்ஜினையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த முக்கியமான ஆய்வு 2003-ல் வெளியானது. மாத்திரையில் சர்க்கரை அடங்காத 756 பேருக்கு, மாத்திரையை நிறுத்தாமலே, படுக்கப்போகும் நேரத்தில் ஓர் ஊசி சேர்த்தார்கள். பாதிப்பேருக்கு இது, பாதிப்பேருக்கு அது. ஆறு மாதம் கழித்து மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு கிளார்ஜினில் 6.96, என்.பி.ஹெச்.சில் 6.97. இரு தரப்பிலும் பத்தில் ஆறு பேர் 7 என்ற இலக்கைத் தொட்டார்கள்.

சர்க்கரையைக் குறைப்பதில் இரண்டும் சமம் என்றாகிறது. வித்தியாசம் இரவில் தெரிந்தது. என்.பி.ஹெச். போட்ட சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். அது நடுநிசியாக அமைந்துவிடும். கிளார்ஜினில் அப்படி ஓர் உச்சம் இல்லாததால், சர்க்கரை தாழ்ந்து தூக்கத்தில் வியர்த்துக் கொட்டி எழுவது குறைந்தது. வேறு யாரும் இல்லாத வீட்டில் தனியே படுக்கும் ஒரு முதியவருக்கு இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

● அதே ஆய்விலிருந்து இன்னொன்று. எல்லாரும் 10 யூனிட்டில்தான் தொடங்கினார்கள். வாரந்தோறும் காலை வெறும்வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்துக் கூட்டிக்கொண்டே போய், முடிவில் கிளார்ஜின்காரர்கள் சராசரியாக 47 யூனிட்டுக்கும் என்.பி.ஹெச்.காரர்கள் 42 யூனிட்டுக்கும் வந்து நின்றார்கள். 10 யூனிட் என்பது தொடக்கம் மட்டும்தான். சீட்டில் எழுதிய அதே 10 யூனிட்டை ஒரு வருடமாகப் போட்டுவிட்டு "இன்சுலினும் கேட்கவில்லை" என்று மனம் உடைந்துபோகிறவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர்.

● அதற்காகக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. நாள் முழுக்க வேலை செய்யும் அடிப்படை இன்சுலின், உடல் எடையில் கிலோவுக்கு அரை யூனிட்டைத் தாண்டியும் ஹெச்பிஏ1சி இறங்கவில்லையா? கோளாறு சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையில் இருக்கலாம். 70 கிலோ எடையுள்ளவருக்கு அந்த எல்லை 35 யூனிட். அதற்கு மேல் என்ன செய்வது என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

● ஒரு ஊசியா, இரண்டா, மூன்றா? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 708 பேரை மூன்றாகப் பிரித்து மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் அணிக்குத் தினம் இருவேளை கலவை இன்சுலின். இரண்டாம் அணிக்கு மூன்று வேளைச் சாப்பாட்டோடும் வேக இன்சுலின். மூன்றாம் அணிக்கு இரவில் ஒரே ஓர் அடிப்படை இன்சுலின், தேவைப்பட்டால் காலையிலும் ஒன்று.

முதல் வருட முடிவில் ஹெச்பிஏ1சி முறையே 7.3, 7.2, 7.6. இரவு ஊசிக்காரர்கள் பின்தங்கியதாகத் தெரிகிறதல்லவா? மற்ற கணக்கையும் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டில் சர்க்கரை தாழ்ந்த தடவைகள்: கலவையில் 5.7, மூன்று வேளையில் 12, இரவு ஊசியில் 2.3. ஏறிய எடை: 4.7 கிலோ, 5.7 கிலோ, 1.9 கிலோ. மூன்றாவது வருடம் முடிந்தபோது ஹெச்பிஏ1சி 7.1, 6.8, 6.9. பின்தங்கியவர்கள் எட்டிப் பிடித்துவிட்டார்கள், அதுவும் குறைந்த எடையோடும் குறைந்த 'லோ சுகர்' தொல்லையோடும். எட்டிப் பிடித்ததற்குக் காரணம், தேவை வந்தபோது சாப்பாட்டு நேர ஊசியும் சேர்க்கப்பட்டது. எந்த அணியானாலும் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு மூன்று வருடத்துக்குள் இரண்டாவது வகை இன்சுலின் தேவைப்பட்டது. இரவு ஊசி ஒன்றில் தொடங்கி, தேவைக்கேற்ப ஏறுவது என்ற இன்றைய பழக்கத்துக்கு இந்த ஆய்வு ஒரு முக்கிய அடித்தளம்.

● ஃபின்லாந்துக்காரர்கள் இதை இன்னும் முன்பே, 1992-ல் ஊகித்துவிட்டார்கள். 153 பேர், மூன்று மாதம். காலை என்.பி.ஹெச்., மாலை என்.பி.ஹெச்., இருவேளை, பலவேளை என எந்த முறையில் போட்டாலும் சர்க்கரை ஒரே அளவில்தான் இறங்கியது. எடை மட்டும் மாலையில் போட்டவர்களுக்கு 1.2 கிலோவும் பலவேளை போட்டவர்களுக்கு 2.9 கிலோவும் ஏறியது.

● இன்சுலின் தொடங்கியதும் மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்திவிடலாமா? கூடாது என்கிறது அதே ஃபின்லாந்துக் குழுவின் 1999 ஆய்வு. இரவு இன்சுலினோடு மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கு ஓராண்டில் ஏறிய எடை 0.9 கிலோ. மற்ற அணிகளுக்கு 3.6 முதல் 4.6 கிலோ வரை. சர்க்கரை அதிகம் இறங்கியதும், 'லோ சுகர்' குறைவாக வந்ததும் மெட்ஃபார்மின் அணிக்கே. விலை மலிவான இரண்டு பழைய மருந்துகள் சேர்ந்து இவ்வளவு செய்கின்றன என்பதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு மட்டும் மெட்ஃபார்மின் ஆகாது.

● நம் ஊரில் பரவலாக எழுதப்படும் 30/70 கலவையில் 30 பங்கு சாப்பாட்டுக்கான வேக இன்சுலின், 70 பங்கு மெதுவானது. சோறும் இட்லியும் தோசையுமாக வேளைக்கு வேளை மாவுச்சத்து சேரும் தட்டுக்கு இது பொருந்தி வருகிறது, ஊசி எண்ணிக்கையும் இரண்டோடு முடிகிறது. ஒரே நிபந்தனை, சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. பேருந்து ஓட்டுநர், கட்டட வேலைக்குப் போகிறவர், அமாவாசை விரதம் இருப்பவர் ஆகியோர் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

● இந்தியாவில் குப்பிகளில் வரும் இன்சுலினில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் வருவது ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சிலும் இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மாறிப்போனால் என்ன ஆகும்? 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 50 யூனிட். உயிருக்கே ஆபத்து. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் வெறும் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை அடங்காது.

மூடியைக் கழற்றி எறிந்துவிட்டால் நிறத்தை வைத்து அடையாளம் காண முடியாது. ஆகவே குப்பியின் மேல் அச்சிட்ட எண்ணையும் சிரிஞ்சின் மேல் அச்சிட்ட எண்ணையும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒப்பிடுங்கள். பேனாக் குழாயிலிருந்து சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சி எடுப்பது ஒருபோதும் வேண்டாம். எந்த இன்சுலின் உயர்ந்தது என்ற விவாதத்தை எல்லாம் தூக்கிச் சாப்பிடக்கூடிய பிழை இது.

● ஆய்வுக்கூடக் கட்டுப்பாடு இல்லாத அன்றாட வாழ்க்கையில் எது பாதுகாப்பானது? வட கலிஃபோர்னியாவில் இன்சுலின் தொடங்கிய 25,489 டைப் 2 நோயாளிகளின் பதிவுகளை அலசி 2018-ல் வெளியிட்டார்கள். சர்க்கரை தாழ்ந்து அவசர சிகிச்சைக்கோ மருத்துவமனைப் படுக்கைக்கோ வந்தவர்கள் விகிதத்தில் என்.பி.ஹெச்.சுக்கும் புதிய ரகங்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. இரவில் வரும் சிறு தாழ்வுகள் புதிய ரகத்தில் குறைவு என்பதும் உண்மை, மருத்துவமனைக்கு ஓடும் அளவுக்குப் போகும் தாழ்வுகளில் வித்தியாசம் தெரியவில்லை என்பதும் உண்மை.

● விலைக்காகப் புதிய இன்சுலினிலிருந்து பழையதற்குத் திரும்பினால்? அமெரிக்காவில் ஒரு காப்பீட்டுத் திட்டம் அப்படித் திருப்பியது. 14,635 பேரின் கணக்கு 2019-ல் வந்தது. ஹெச்பிஏ1சி கூடியது 0.14 மட்டுமே. கடுமையான தாழ்வுகள் கூடவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மாதக் கடைசியில் பணம் இல்லாமல் விலையுயர்ந்த ஊசியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு, தவறாமல் தினமும் போடக்கூடிய மலிவான இன்சுலின்தான் மேலான இன்சுலின். அதை மருத்துவரிடம் கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை.

● உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னதும் இதையே ஒட்டியது: பொதுவாக என்.பி.ஹெச்., ரெகுலர் போன்ற மனித இன்சுலின்; அதில் கடுமையான தாழ்வு அடிக்கடி வந்தால் நீண்டநேர புதிய ரகம். 2021-ல் அந்தப் புதிய ரகங்களையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

● புதிய ரகங்களுக்குள்ளேயே போட்டி உண்டு. 7,637 பேரிடம் டெக்ளூடெக்கையும் கிளார்ஜினையும் ஒப்பிட்ட 2017 ஆய்வில், இதயத்துக்கு இரண்டும் சமம். கடுமையான தாழ்வுகள் டெக்ளூடெக்கில் 40 சதவீதம் குறைவு.

● இன்சுலின் போட்டால் மாரடைப்பு வரும், புற்றுநோய் வரும் என்ற பேச்சு உண்டு. கிளார்ஜின் பற்றி 2009-ல் மருத்துவ இதழிலேயே புற்றுநோய் ஐயம் கிளம்பியது. 12,537 பேரை ஆறு ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்த ஆரிஜின் ஆய்வு 2012-ல் பதில் சொன்னது: இதயத்துக்குக் கூடுதல் கேடும் இல்லை, கூடுதல் நன்மையும் இல்லை, புற்றுநோயும் கூடவில்லை.

● இன்சுலின் தொடங்கினால் சாகும்வரை நிறுத்த முடியாதா? சீனாவில் ஒன்பது மையங்களில், புதிதாக நோய் கண்ட 382 பேருக்குச் சில வாரம் தீவிர சிகிச்சை தந்து, சர்க்கரை அடங்கியதும் எல்லா மருந்தையும் நிறுத்திப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்தும் மருந்தில்லாமல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள்: இன்சுலின் பம்ப் வைத்தவர்களில் 51 சதவீதம், பலவேளை ஊசியில் 45 சதவீதம், மாத்திரையில் 27 சதவீதம். 2008-ல் வெளிவந்த இந்த முடிவு, இன்சுலினைக் கடைசி அஸ்திரமாகவே வைத்திருக்க வேண்டியதில்லை என்று காட்டியது. களைத்த கணையத்துக்கு அது சில வாரம் ஓய்வும் தரலாம். அறுவைச் சிகிச்சையின்போதோ கடும் காய்ச்சலிலோ தொடங்கிய இன்சுலினையும் பலருக்குப் பிறகு நிறுத்துகிறார்கள்.

● வாரத்துக்கு ஒரே ஊசி என்ற கனவும் கைக்கு வந்துவிட்டது. ஐகோடெக் என்ற இன்சுலின் இரத்தத்திலுள்ள ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு ஒரு வாரம் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் அனுமதித்தது. ஆய்வில் அது சர்க்கரையைக் கிளார்ஜினைவிடச் சற்று அதிகமாகவே குறைத்தது. தாழ்வுகளும் சற்று அதிகம். போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், யூனிட் தவறினால் அந்த வாரம் முழுக்க விழிப்பாக இருக்க வேண்டும்.

● ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி திரளும். அங்கே வலி தெரியாது என்பதால் மறுபடியும் அங்கேயே குத்தத் தோன்றும், மருந்தோ சரியாக உறிஞ்சப்படாது. இன்சுலினை மாற்றச் சொல்லும் முன் வயிற்றைத் தடவிப் பாருங்கள்.

● குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலின் என்ன ஆகும்? ஜெனீவா பல்கலைக்கழகமும் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பும் கென்யாவின் அகதி முகாம் வெப்பநிலையை அளந்து, அதே ஏற்ற இறக்கத்தை ஆய்வகத்தில் உண்டாக்கினார்கள். 25 முதல் 37 டிகிரிக்குள் நான்கு வாரம் வைத்தும் இன்சுலினின் வீரியம் குறையவில்லை என்று 2021-ல் வெளியிட்டார்கள். நம் கோடை 37-ஐத் தாண்டும். ஈர மணலுக்கு நடுவே வைத்த மண்பானை அதற்கு உதவும். குளிர்பெட்டி உள்ளவர்கள் ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒருமுறை உறைந்துபோன இன்சுலினைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

● படபடப்பு, வியர்வை, கைநடுக்கம், திடீர்ப் பசி, தடுமாறும் பேச்சு. சர்க்கரை 70-க்குக் கீழே போவதன் அடையாளங்கள் இவை. நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐ அழையுங்கள்.

● பல வருடம் 40 யூனிட் போட்ட ஒருவருக்குத் திடீரென்று 20 யூனிட்டே போதுமானதாகிவிட்டால், "நோய் குணமாகிறது" என்று வீட்டில் மகிழ்கிறார்கள். இன்சுலினை உடலிலிருந்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சிறுநீரகம் தளர்ந்தால் போட்ட மருந்து கூடுதல் நேரம் தங்கி, சர்க்கரை அடிக்கடி தாழும். எந்த ரக இன்சுலினாக இருந்தாலும், காரணமில்லாமல் தேவை குறைந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்த்து, யூனிட்டைக் குறைப்பதோடு கிரியேட்டினின் பரிசோதனையையும் செய்துவிட வேண்டும்.